52 கிலோவும் கோத்தகிரிக் கெண்டைக்காலும்

வாசகி கடிதம்:

மேடம், எனக்கு வயது 36. கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். உயரம் 153 செ.மீ. இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 3. இரண்டுமே ஆபரேஷன். சின்னவன் வயிற்றில் இருந்தபோது சர்க்கரை வந்தது, பிறந்ததும் போய்விட்டது. தோட்டத்தில் கொழுந்து எடுத்த அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு.

தை மாதம் என் தம்பிக்குக் கல்யாணம். அதற்குள் 72 கிலோவிலிருந்து, என் கல்யாணத்தன்று இருந்த 52 ஆகிவிட வேண்டும் என்று டவுனில் ஒரு ஜிம்மில் ‘90 நாள் சவால்’ என்று பணம் கட்டிச் சேர்ந்தேன். காலையில் தேனும் எலுமிச்சையும் போட்ட வெந்நீர், மத்தியானம் ஒரு சப்பாத்தி, வெள்ளரிக்காய், ராத்திரி ஒன்றும் கிடையாது. தினம் 100 சிட்-அப், 10,000 அடி நடை. முதல் மூன்று வாரத்தில் 5 கிலோ குறைந்தது. அடுத்த மூன்று வாரமாக முள் 67-ஐ விட்டு நகரவில்லை. முடி கொத்தாகக் கொட்டுகிறது. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. முன்னைவிடக் குளிர் தாங்கவில்லை. ரோட்டிலிருந்து வீட்டுக்குச் சின்னவனைத் தூக்கிக்கொண்டு 140 படி இறங்க வேண்டும், இறங்கும்போது முட்டி வலிக்கிறது. போன வாரம் ஒரு சாயங்காலம் டீ போட்டுக்கொண்டே நின்ற இடத்தில் ஏழு வர்க்கி பிஸ்கட்டைத் தின்றுவிட்டேன். அப்புறம் அழுதேன்.

என் அம்மாவைப் போலவே எனக்கும் கெண்டைக்கால் உருண்டு திரண்டிருக்கும். “அண்ணி கால் உரல் மாதிரி இருக்கு” என்று நாத்தனார் எல்லார் முன்னாலும் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி பெரியவள், “எனக்கும் உன் கால்தான் வருமாம்மா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சித்திரை வெயிலில்கூட நான் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. கல்யாண ரவிக்கையைப் பழைய அளவு ரவிக்கையைக் கொடுத்துத் தைக்கச் சொல்லிவிட்டேன். மீதி நாளில் 52 வருமா? கெண்டைக்கால் மெலிய ஏதாவது பயிற்சி உண்டா? இரண்டும் முடியாது என்றால் இந்த உடம்போடு எப்படி இருப்பது?

– ஒரு வாசகி, கோத்தகிரி


அன்புள்ள தங்கைக்கு,

இன்றைக்கு ராத்திரி சாப்பிடுங்கள். மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு என்ன ஆக்குகிறீர்களோ அதையே உங்கள் தட்டிலும் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரண்டு தோசையும் சாம்பாரும் போதும். சோறு, பருப்பு, ஒரு முட்டை என்றாலும் சரி. தலைசுற்றலோடு, வலிக்கிற முட்டியோடு, மூன்று வயதுப் பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு 140 படி இறங்குகிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது எடை இல்லை, அந்தப் படிக்கட்டுதான்.

நான் குன்னூரில் 22 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். மலையில் ஏறி இறங்கித் தேய்ந்த முட்டிகளும், பிள்ளை பெற்ற பிறகு வலிக்கிற இடுப்புகளும்தான் என் அன்றாடம். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் கேள்வி, 52 வருமா. 90 நாளில் 20 கிலோ என்றால் நாளொன்றுக்கு 220 கிராம், வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சிப் போனால் ஒரு கிலோ குறைவதுதான் உடம்பு தாங்கும் வேகம். அதனால், தைக்குள் 52 வராது. பட்டினி கிடந்து வரவழைத்தாலும் சித்திரைக்குள் திரும்பிவிடும். முதல் மூன்று வாரத்தில் ‘மளமள’வென்று இறங்கியதும் முழுக்கக் கொழுப்பு இல்லை. நம் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, கிராம் ஒன்றுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டை நிறுத்தினால் முதலில் போவது அந்த இருப்பும் அந்தத் தண்ணீரும்தான். கூடவே கொஞ்சம் தசையும் போயிருக்கும். அது தீர்ந்த இடத்தில் முள் நின்றுவிட்டது. நீங்கள் சோம்பல்பட்டதால் நிற்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். 72 கிலோவில் 7 சதவீதம் எவ்வளவு? 5 கிலோ 40 கிராம். அமெரிக்காவில், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 3,234 பேர் கலந்துகொண்ட ஒரு பெரிய ஆய்வு 2002-இல் வெளியானது. உணவையும் பழக்கத்தையும் மாற்றிக்கொண்ட குழுவுக்கு அதில் கொடுத்த இலக்கே, எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் உடம்பை அசைப்பதும்தான். ஏறக்குறைய மூன்று வருடத்தில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவைவிட இவர்களுக்குச் சர்க்கரை வந்தது 58 சதவீதம் குறைவு. ஒருவரையும் கல்யாணத்தன்று இருந்த எடைக்குத் திரும்பச் சொல்லவில்லை. நம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சேர்ந்து சர்க்கரை வருவதை 28.5 சதவீதம் குறைத்தன, அதுவும் எடை பெரிதாகக் குறையாமலே.

எடை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் உயரத்துக்கு 72 கிலோ என்றால் உடல் நிறை எண் 30-ஐத் தாண்டுகிறது. நம் இந்திய உடம்புக்கு 23-லேயே கவனம் வேண்டும், 25-க்கு மேல் போனால் உடல் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்து போனவர்களுக்குப் பின்னாளில் அது நிரந்தரமாக வர மற்றவர்களைவிடப் பல மடங்கு வாய்ப்பு. அம்மாவுக்கும் இருக்கிறது. இதையெல்லாம் மறைத்து ‘நீங்கள் இருக்கிறபடியே அழகு’ என்று எழுதிவிட்டு நான் போனால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் உங்களுக்கு வேண்டியது சர்க்கரை வராத 67. இன்னும் ஒரு வருடத்தில் நிதானமாக 64, 63 என்று இறங்கினால் நல்லது. இறங்காமல் 67-லேயே நின்று, வயிற்றுச் சுற்றளவு குறைந்து, கால் வலுத்தால் அதையும் வெற்றியாகவே நான் எழுதிக்கொள்வேன்.

அந்த ஏழு வர்க்கிக்கு வருகிறேன். 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உடல்நலமுள்ள 36 இளைஞர்களை 24 வாரம் அரை வயிற்றில் வைத்து ஆராய்ந்தார்கள். போர்க்காலத்தில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ள நடத்தியது அது. அவர்களுக்கு முடி கொட்டியது, தலை சுற்றியது, எப்போதும் குளிரியது. எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். ஆரோக்கியமான ஆண்பிள்ளைகள்! நாளைக்கு ஏறத்தாழ 1,570 கலோரி அவர்களுக்குக் கிடைத்தது. உங்கள் ஒரு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும் அதில் பாதிகூட வராது. உங்களுக்குக் கூடுதலாகக் குளிர்வதற்கு மார்கழி நெருங்குவது மட்டும் காரணமில்லை, உடம்பு அடுப்பைத் தணித்து வைத்துக்கொண்டிருக்கிறது. வர்க்கித் தகரத்தைத் திறந்தது உங்கள் பசி. அதற்கு மனவலிமை இல்லாதவள் என்று பெயர் வைக்காதீர்கள். இனி சாயங்காலம் டீயோடு ஒரு வர்க்கியை எடுத்துத் தட்டில் வைத்து உட்கார்ந்து தின்னுங்கள். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டவளுக்கு ஒன்றோ இரண்டோ போதும் என்று கைக்கே தெரியும்.

டீ என்றதும் இன்னொன்று. ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள் ஆறு டம்ளர்கூடக் குடிப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால், ஆறு டம்ளரில் 50 கிராமுக்கு மேல் போய்விடும். நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. மூன்று டம்ளராக்குங்கள், ஒரு ஸ்பூன் போடுங்கள். அதைவிட முக்கியம், சாப்பிட்டு கை கழுவியதும் டீ குடிக்கும் பழக்கம். டீயில் இருக்கும் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். தேயிலை விளைகிற நம் மலையில் இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னது.

ஆகவே இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போய் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் அந்தக் கணக்கு உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையைக் கேளுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்ததை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முடி கொட்டுவதும் தலை சுற்றுவதும் எதனால் என்று அவர் பார்க்கட்டும்.

சாப்பாட்டில் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன கணக்குப்படி எடை கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். உங்களுக்கு நாளைக்கு 50 கிராமுக்கு மேல். இரண்டு முட்டையில் 12 கிராம் வந்துவிடும். மீதியைப் பருப்பு, மொச்சை, பட்டாணி, சுண்டல், தயிர் என்று நிரப்புங்கள். சோற்றைக் கால் பங்கு குறைத்து, அந்த இடத்தில் முட்டைகோஸோ பீன்ஸோ பொரியல் வையுங்கள். ஊருக்கெல்லாம் காய் அனுப்புகிற மலையில் உட்கார்ந்துகொண்டு வெள்ளரிக்காயை மட்டும் தின்பது என்ன நியாயம்?

இரண்டாவது கேள்வி கெண்டைக்கால். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் இதுதான்.

அடுத்த முறை அம்மா படி ஏறும்போது இரண்டு படி பின்னால் நின்று பாருங்கள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியிருப்பார். குதிகால் தரையை விட்டு எழும்பியதும் தோலுக்கடியில் இரண்டு உருண்டைகள் திரண்டு மேலேறும். உள்பக்கத்து உருண்டை வெளிப்பக்கத்தைவிடச் சற்றுக் கீழே வரை இறங்கியிருக்கும். அவற்றுக்கு அடியில் பலகைபோல இன்னொரு தசை. மூன்றும் ஒன்றாகிக் குதிகால் தசைநாணில் முடிகின்றன. சரிவில் நின்று, முதுகில் கொழுந்துச் சுமையோடு, பாதம் மேல்நோக்கி மடங்கியபடியே நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த கால் அது. காலில் இறங்கிய இரத்தத்தை ஒவ்வொரு அடிக்கும் பிழிந்து இதயத்துக்கு மேலே அனுப்புவது இந்தத் தசைகள்தான். எங்கள் தொழிலில் இதை இரண்டாவது இதயம் என்போம்.

அது மட்டுமில்லை. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்வது தசை. தசை அதிகம் உள்ள உடம்பில், அந்தத் தசை வேலையும் செய்துகொண்டிருந்தால், சர்க்கரை தங்க இடமிருக்கும். உங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோய் ஓடுகிறது. அதற்கு எதிராக உங்கள் வீட்டார் உங்களுக்குக் கொடுத்த சொத்து எது என்றால், நாத்தனார் சிரித்த அந்தக் கால்தான். அதை மெலிய வைக்கும் பயிற்சி எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

ஒரு இடத்துக்குப் பயிற்சி செய்தால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது உண்மையில்லை. எங்கே முதலில் குறைய வேண்டும் என்பதை உடம்புதான் தீர்மானிக்கும். கெண்டைக்காலின் வடிவமோ பெரும்பாலும் எலும்பும் தசை ஒட்டியிருக்கும் இடமும். அது பரம்பரை. உங்கள் அம்மா அதை எந்த ஜிம்மிலும் வாங்கவில்லை, நீங்கள் எந்த ஜிம்மிலும் தொலைக்க முடியாது.

சிட்-அப்பை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு பிரசவத்துக்குப் பிறகு வயிற்றின் நடுக்கோட்டில் தசைகள் இரண்டு பக்கமாக விலகி, சில பேருக்கு முழுதாகச் சேராமலே இருந்துவிடும். நீங்களே பார்க்கலாம். பாயில் மல்லாந்து படுத்து முட்டியை மடக்குங்கள். தொப்புளுக்கு மேலே விரல்களைக் குறுக்காக வைத்து, தலையை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். நடுவே இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக இறங்கினாலோ, கூரை முகடு போலத் தூக்கிக்கொண்டு வந்தாலோ தசை விலகியிருக்கிறது என்று பொருள். அந்த வயிற்றில் தினம் 100 சிட்-அப் எடுத்தால் விலகல் மோசமாகலாம். பக்கத்தில் உள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டுங்கள், மூச்சோடு சேர்த்துச் செய்யும் எளிய பயிற்சிகள் இருக்கின்றன. ஆபரேஷன் தழும்புக்கு மேலே ஒரு மடிப்பு தொங்குவதைப் பார்த்து மனம் நோகிறவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். எடை குறைந்தாலும் அந்த மடிப்பு கொஞ்சம் மிஞ்சும். இரண்டு உயிர் அந்த வழியாக வந்திருக்கிறது.

முட்டி வலி இறக்கத்தில் மட்டும் வருகிறது என்றால், பெரும்பாலும் தொடையின் முன்பக்கத் தசை களைத்திருக்கிறது. ஏறும்போது அந்தத் தசை சுருங்கித் தூக்குகிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதுதான் கடினமான வேலை. படியில் முட்டிச் சில்லின் மேல் விழும் அழுத்தம் நம் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகும். பட்டினியில் தசையையும் இழந்திருக்கிறீர்கள், வலிக்காமல் என்ன செய்யும்? வீட்டு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து, உட்காரும்போது மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி மெதுவாக உட்காருங்கள். எட்டுத் தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி கூடினால் நாற்காலியில் தலையணை வைத்து உயரமாக்கிக்கொள்ளுங்கள். படியில் சின்ன அடியாக, முட்டியை விறைக்காமல், கைப்பிடிச் சுவர் இருந்தால் பிடித்தபடி இறங்குங்கள். இரண்டு மூன்று வாரம் பிள்ளையைக் கணவர் தூக்கி வரட்டும். முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ நேரில் காட்டாமல் பயிற்சி வேண்டாம்.

ஜிம்மை விட வேண்டாம். பணம் கட்டியிருக்கிறீர்கள், இரும்பு தூக்குவது உங்களுக்கு நல்லது, வாரம் இரண்டு நாள் போதும். அங்கே கொடுத்த சாப்பாட்டுத் தாளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

10,000 அடிக்கும் உங்கள் உடம்புக்கும் சம்பந்தமில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு வைத்த பெயரிலிருந்து பரவிய எண் அது. சமவெளியில் நடக்கிறவரின் ஆயிரம் அடியும் நம் மலையில் ஏறுகிற ஆயிரம் அடியும் ஒன்றா? கீழே இருக்கிறவர்கள் போடும் வீடியோக்களில் ‘விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து நடங்கள்’ என்பார்கள். கோத்தகிரியில் ஐந்து மணிக்குத் தேயிலைக்குள் கரடி நிற்கும், ரோட்டில் காட்டுமாடு நிற்கும். பனி வேறு. நீங்கள் விடியற்காலையும் வேண்டாம், இருட்டிய பிறகும் வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டதும் ஃபேக்டரி வளாகத்துக்குள் பத்து நிமிடம் நடங்கள். ராத்திரி சாப்பிட்டதும் வீட்டுக்குள்ளேயோ வாசலிலோ பத்து நிமிடம். சாப்பிட்டதும் நடந்தால் சர்க்கரை ஏறும் வேகம் தணியும், உங்களுக்கு அதுதான் வேண்டும். ஆறு நாளில் 120 நிமிடம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் பிள்ளைகளோடு அரை மணி நேரம் எங்காவது நடந்தால் 150 நிமிடம். அந்தப் பழைய ஆய்வு கேட்டது இவ்வளவுதான்.

எதை இலக்காக வைப்பது என்பதில் நானே ஒரு காலத்தில் தவறு செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் முட்டி வலியோடு வந்த ஓர் அம்மாவிடம், “பத்துக் கிலோ குறைத்துவிட்டு வாங்க, வலி தானே போகும்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்தது நான்கு வருடம் கழித்து. எடை அப்படியே இருந்தது, முட்டி வளைந்திருந்தது. “குறையலைங்க, அதான் வர வெட்கமா இருந்துச்சு” என்றார். அன்றிலிருந்து யாருக்கும் கிலோவை இலக்காக எழுதிக் கொடுப்பதில்லை.

உங்களுக்கு இப்படி எழுதுகிறேன். காலையில் வேலைக்குக் கிளம்பி அந்த 140 படியை ஏறும்போது எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள் என்று எண்ணி வையுங்கள். நான்கு இடம் என்றால், தைக்குள் இரண்டு. பங்குனிக்குள் ஒரே மூச்சில், பெரியவளோடு பேசிக்கொண்டே. பாட முடியாது, பேச முடியும் என்ற அளவு மூச்சு வாங்கினால் சரியான வேகத்தில் ஏறுகிறீர்கள் என்று பொருள். நாற்காலியில் எட்டை மெதுவாகப் பத்தாக்குங்கள், பிறகு பன்னிரண்டு. மாதத்துக்கு ஒரு தடவை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து காலண்டரில் குறியுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் என்பது எல்லை. அதை இன்றைக்கே தொட வேண்டியதில்லை, ஒரு செ.மீ. இறங்கினாலும் உள்ளே நல்லது நடக்கிறது. எடை மெஷினைத் தை முடியும் வரை பரணில் ஏற்றுங்கள். காலைக்கும் மாலைக்கும், மாதவிலக்குக்கு முன்னும் பின்னும், ஒன்றிரண்டு கிலோ தண்ணீரே கூடிக் குறையும். அதைப் பார்த்து நீங்கள் அழ வேண்டாம்.

மூன்றாவது கேள்வி, இந்த உடம்போடு எப்படி இருப்பது. மலையில் ஸ்வெட்டர் ஒரு வசதி. எங்கள் குளிரில் யார் உடம்பு யாருக்குத் தெரியும்? வருடக்கணக்கில் ஸ்வெட்டருக்குள் ஒளிந்துகொண்ட பெண்களை நான் பரிசோதனை மேசையில் பார்க்கிறேன். கழற்றச் சொன்னால் முதலில் மன்னிப்புக் கேட்பார்கள், பார்ப்பவளிடம்! உடனே வெளியில் கழற்ற வேண்டாம். அடுப்படியில், அடுப்பு எரிகிற சூட்டில், வீட்டார் மட்டும் இருக்கும்போது கழற்றி மாட்டுங்கள். கை வீசிச் சமையுங்கள். ஒரு வாரம் பழகியதும், வெயில் உள்ள ஞாயிற்றுக்கிழமை வாசலில் துணி காயப்போடும்போது. உடம்பைப் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது வரும்போது வரட்டும். உடம்பை மறைப்பதற்குச் செலவாகும் நேரமும் மூச்சும் குறைந்தால் இப்போதைக்குப் போதும். கண்ணாடியைப் பார்த்தாலே அழுகை வருகிறது, சாப்பிட்டதும் குற்றவுணர்வு விடுவதில்லை என்று தொடர்ந்தால், அரசு மருத்துவமனையிலேயே மனநல ஆலோசகரைப் பார்க்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நாத்தனாரிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். “பிள்ளை கேட்டுக்கிட்டு இருக்கா, இனிமே அவ அம்மா உடம்பைப் பத்தி எங்க வீட்டுல பேச்சு வேண்டாம்” என்று தங்கையிடம் அண்ணன் ஒரு தடவை சொன்னால் போதும். அவரிடம் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுங்கள்.

ரவிக்கைத் துணியைத் தையற்காரர் வெட்டுவதற்கு முன்னால் போய்ச் சொல்லிவிடுங்கள். பழைய அளவு ரவிக்கையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, உங்கள் மேல் டேப் வைத்து இன்றைய அளவு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொன்னால், பிறகு பிடிக்கவோ பிரிக்கவோ எளிது. தம்பி கல்யாணத்தில் அக்காவுக்கு எவ்வளவு வேலை இருக்கும்! மூச்சு முட்டும் ரவிக்கையோடு பந்தி விசாரிக்க முடியுமா? போட்டோவில் பின்வரிசையில் போய் நிற்காதீர்கள்.

பெரியவள் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் மறந்திருக்க மாட்டாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகப் படி ஏறும்போது, “ஆமாடி, பாட்டி காலு எனக்கு வந்திருக்கு, உனக்கும் வரும்” என்று சொல்லுங்கள். குதிகாலைத் தூக்கி உருண்டையைத் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். பாட்டி அந்தக் காலோடு எந்தெந்தச் சரிவில் கொழுந்து எடுத்தார் என்று அவரையே கேட்டுச் சொல்லுங்கள்.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் ஹீமோகுளோபின் எவ்வளவு, இரண்டு மணி நேரச் சர்க்கரை எவ்வளவு, இரண்டையும் எழுதி அனுப்புங்கள். படியில் எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள் என்பதையும்.

அன்புடன்,
உங்கள் பிசியோதெரபிஸ்ட் அக்கா, குன்னூர்